மேவிக் 3 என்டர்பிரைஸ்: சதுப்பு நில மீட்பு வேலைக்கு வாங்கலாமா?

சதுப்பு நிலத்தை மீட்கும் வேலைக்கு எந்த ட்ரோன் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் பெரும்பாலும் டிஜேஐயின் மேவிக் 3 என்டர்பிரைஸைத்தான் சொல்கிறேன். சொன்ன கையோடு ஒரு நிபந்தனையும் போடுவேன். இது வந்துவிட்டால் தரையின் உயரத்தை அளக்க (லெவல் எடுக்க) யாரும் சேற்றில் இறங்க வேண்டியதில்லை என்ற எண்ணத்தில் வாங்குவதாக இருந்தால் வேண்டாம். இது அருமையான கருவி, நான் விரும்பிப் பயன்படுத்தும் கருவி. ஆனால் இது பார்ப்பது மேலே தெரிவதை மட்டும்தான். நமக்கு வேண்டியதோ கோரைக்கு அடியிலும் தண்ணீருக்கு அடியிலும் கிடக்கிற தரை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஈரநிலத்தில் உயரம் என்பது சென்டிமீட்டர் கணக்கு. பழைய வடிகால் வாய்க்காலை எந்த இடத்தில் அடைப்பது, கரையை எங்கே உடைத்துத் தண்ணீரை உள்ளே விடுவது, எந்த மேட்டை எவ்வளவு வழிப்பது, எல்லாமே தண்ணீர் எங்கே எத்தனை நாள் நிற்கும் என்பதைப் பொறுத்தது. ஒரு சாண் உயர வித்தியாசத்தில் ஓரிடம் வருஷம் முழுக்க நனைந்தே கிடக்கும், பக்கத்து இடம் காய்ந்து வேறு செடிகள் ஏறிவிடும். ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸில் நிலம் கிலோமீட்டருக்குச் சில சென்டிமீட்டர்தான் சரிகிறது. அங்கே தரை உயரம் தேவைப்பட்டபோது அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் ஹெலிகாப்டரில் ஜிபிஎஸ் பொருத்தி, அதிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, குண்டு புல்லையும் தண்ணீரையும் தாண்டித் தரையைத் தொட்ட இடத்தின் உயரத்தைப் பதிந்தது. 400 மீட்டருக்கு ஒரு புள்ளி, 15 சென்டிமீட்டர் அளவு துல்லியம். வானத்திலிருந்து எடுக்கும் படம் மட்டுமே போதும் என்றால் இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்கள்.

சரி, ட்ரோனுக்கு வருவோம். 2022 செப்டம்பரில் வெளியானது. 20 மெகாபிக்சல், 4/3 சென்சார், அதோடு மெக்கானிக்கல் ஷட்டர். அளவை வேலைக்கு இதன் பெரிய பலமே அந்த ஷட்டர்தான். சாதாரண கேமரா ட்ரோன்களில் சென்சார் வரிவரியாகப் படிக்கப்படுவதால், பறந்துகொண்டே எடுத்தால் படத்தின் மேல்வரியும் கீழ்வரியும் வேறு வேறு இடத்திலிருந்து எடுத்ததாக ஆகிவிடும், அந்தக் கோணல் அப்படியே உயரக் கணக்கில் போய் உட்காரும். இதில் அந்தத் தொல்லை இல்லை, நிற்காமல் பறந்தபடி 0.7 விநாடிக்கு ஒரு படம் வரை எடுக்கலாம். 100 மீட்டர் உயரத்தில் ஒரு பிக்சல் தரையில் சுமார் 2.7 சென்டிமீட்டர், 60 மீட்டரில் 1.6. பழைய வடிகாலின் விளிம்பு, மாடு மிதித்த தடம், கரையில் விழுந்த சிறு வெடிப்பு எல்லாம், படங்களைச் சேர்த்துக் கோணல் நீக்கிய ஒரே மேல்படமான ஆர்த்தோ படத்தில் துல்லியமாகத் தெரியும். கால் வைக்கவே முடியாத இடத்தில் பல வருஷத்துக்கு முன் மூடிப்போன ஓடையின் பழைய வளைவு, செடிகளின் நிற மாற்றத்தில் மட்டும் கோடாகத் தெரிவதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் தனி. எங்கே தோண்டினால் ஓடை தன் பழைய வழியைப் பிடிக்கும் என்று அந்தக் கோடே காட்டிக் கொடுத்துவிடும்.

ஆர்டிகே மாட்யூல் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டிய உறுப்பு. தரையில் இடம் தெரிந்த ஒரு பேஸ் நிலையத்தின் திருத்தத்தை வாங்கி, செயற்கைக்கோள் தரும் இடக்கணக்கைச் சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியமாக்குவது இது. இந்த வேலைக்கு அது இல்லாமல் வாங்குவதில் அர்த்தம் இல்லை. நிறுவனம் சொல்லும் துல்லியம் கிடையாக 1 சென்டிமீட்டர், உயரத்தில் 1.5, தவிர பேஸ் நிலையம் தள்ளிப்போகப் போகக் கிலோமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் கூடும். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு வரைபடமே 1.5 சென்டிமீட்டர் துல்லியம் என்று எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது வானத்தில் ட்ரோன் இருந்த இடத்தின் துல்லியம். அங்கிருந்து தரைக்கு வரும் வழியில் லென்ஸ் இருக்கிறது, மென்பொருளின் கணக்கு இருக்கிறது, புல் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது.

லென்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தட்டையான நிலத்தில்தான் இது அதிகம் கெடுக்கும். ஒரே உயரத்தில், இணைகோடுகளில், நேர் கீழே பார்த்தே எல்லாப் படங்களையும் எடுத்தால், மென்பொருள் லென்ஸின் வளைவைத் தானாகக் கணக்கிடும்போது சிறு பிழை விழும். அந்தப் பிழையால் தட்டை நிலம் நடுவில் உப்பியோ குழிந்தோ வரும். ஃபோகல் நீளத்தில் வரும் பிழையோ மொத்த நிலத்தையும் ஒரே அளவு மேலே தூக்கும் அல்லது கீழே இறக்கும். மலைச்சரிவில் இந்தச் சில சென்டிமீட்டர் யார் கண்ணிலும் படாது. ஈரநிலத்தில் அதுவே தண்ணீர் ஓடும் திசையைத் திருப்பிக் காட்டிவிடும். சாய்ந்த கோணப் படங்கள் சேர்ந்தால் இந்தப் பிழை வெகுவாகக் குறையும் என்பது 2014-இலேயே ஆய்வுக் கட்டுரையாக வந்துவிட்டது. மேவிக்கில் சாய்கோணப் படம் எடுப்பதை ஆப்பிலேயே திட்டமிடலாம், அதனால் நேர்ப் பறத்தல் முடிந்ததும் வேறொரு உயரத்தில் குறுக்காகச் சில கோடுகள் சாய்த்து எடுத்துவிடுங்கள். கூடுதலாக ஒரு பேட்டரி செலவாகும், அவ்வளவுதான்.

அப்புறம் தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள், அதாவது இடமும் உயரமும் தனியாக அளந்து, படத்தில் தெரியும்படி தரையில் வைக்கும் குறிப் பலகைகள். ஆர்டிகே இருந்தால் அவை வேண்டாம் என்று விளம்பரத் தொனியில் சொல்வார்கள். ஈரநிலத்தில் குறைந்தது சிலவற்றையாவது வைத்தே ஆக வேண்டும், அவற்றில் பாதியைக் கணக்கில் சேர்க்காமல் சரிபார்க்க மட்டும் ஒதுக்க வேண்டும். இங்கே வரும் சிக்கல் வேறு நிலத்தில் வராது. சேற்றில் வைத்த பலகை அமுங்கும், அலைவு பட்டால் மிதந்து நகரும். ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள்களைக் கொண்டு இடமும் உயரமும் அளக்கும் ஜிஎன்எஸ்எஸ் கம்பத்தின் கூர்முனையை ஊன்றினால் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போகும். மேலே கூழ் மாதிரி ஒரு படலம், அதற்குக் கீழே கொழகொழப்பான களி, இன்னும் கீழே காலுக்குப் பிடி கிடைக்கும் களிமண். இதில் எது தரை? நாங்கள் கம்பத்தின் முனையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டு பொருத்திக்கொள்கிறோம். கம்பத்தை அழுத்தாமல், அதன் எடைக்கே அது எங்கே நிற்கிறதோ அதுதான் தரை என்று வைத்துக்கொண்டு, யார் பிடித்தாலும் அதே மாதிரி பிடிப்பது. ஒருவர் அழுத்தி ஒருவர் அழுத்தாமல் எடுத்தால் அந்த வித்தியாசமே ட்ரோனின் பிழையைவிடப் பெரிதாகிவிடும். பலகைகளைக் கூடியவரை பழைய கரை, பாறை, மதகின் சுவர் போன்ற அசையாத இடங்களில் வையுங்கள். அப்படி இடமே இல்லாவிட்டால் கெட்டி மண்ணைத் தொடும்வரை ஒரு குழாயை அடித்து இறக்கி, அதன் தலையில் பொருத்துங்கள்.

உயரம் பற்றி இன்னொரு விஷயம். ஜிஎன்எஸ்எஸ் தரும் உயரம் பூமியின் கணித வடிவமான நீள்கோளத்திலிருந்து அளந்தது. தண்ணீர் கட்டுப்படுவது ஈர்ப்புக்கு, அதாவது ஈர்ப்பின்படி சமமட்டமான ஜியாய்டு என்ற பரப்புக்கு. இரண்டுக்கும் நடுவே இடத்தைப் பொறுத்துப் பல பத்து மீட்டர்கள் இடைவெளி வரும். எந்த ஜியாய்டு மாதிரியைக் கழித்தோம் என்று கோப்பின் பெயரிலேயே எழுதி வைத்துவிடுவது நல்ல பழக்கம். அடுத்த வருஷம் வேறொருவர் வேறொரு மாதிரியைப் போட்டு ஒப்பிட்டால், மண் தானாக வளர்ந்தது போலவோ கரைந்தது போலவோ வரைபடம் காட்டும்.

இப்போது புல். எந்த ஃபோட்டோகிராமெட்ரி ட்ரோனுக்கும் ஈரநிலத்தில் கை கட்டிப்போவது இங்கேதான். இரண்டு படங்களில் ஒரே புள்ளியைக் கண்டுபிடித்து உயரம் சொல்வதுதான் இதன் வழி, ஆகவே கேமரா கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு உயரமே கிடையாது. அடர்ந்த சம்பும் நாணலும் இருக்கும் இடத்தில் உயரப்படத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். திறந்த சேறு வழவழப்பான கோடாக வரும், புல் தொடங்கும் இடத்தில் கோடு சட்டென்று ஒரு ஆள் உயரம் ஏறி, மேலே பல் பல்லாக நிற்கும், பிறகு மறுபக்கம் சட்டென்று இறங்கும். நடுவே தரை என்று ஒரு புள்ளிகூட இருக்காது. கிளவுட்கம்பேர் மென்பொருளில் இருக்கும், செடிகளை நீக்கித் தரையைப் பிரிக்கும் துணி விரிப்பு வடிகட்டி போன்றவை, செடிகளுக்கு நடுவே அங்கங்கே மண் தெரிந்தால்தான் அதைப் பிடித்துக்கொண்டு தரையைக் கட்டும். மண்ணே தெரியாத இடத்தில் புல்லின் தலையையே தரை என்று முடிவு செய்துவிடும், பார்க்கவும் வழவழப்பாக அழகாக இருக்கும். அந்த அழகுதான் ஆபத்து. அதை அப்படியே நீரோட்ட மாதிரியில் போட்டால் நாணல் புதர் எல்லாம் அணைக்கட்டாக நிற்கும்.

லேசர் ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து உயரம் சொல்லும் லைடார் வைத்த பெரிய ட்ரோன் எடுத்தால் தீருமா? ஓரளவுக்கு. மரங்களுக்கு அடியில் அது அருமையாக வேலை செய்யும். ஆனால் அடர்ந்த கோரையில் தண்டுகளுக்கு நடுவே ஒளி இறங்க இடமில்லை, அங்கே லைடாரும் தரையை உண்மையைவிட மேலாகத்தான் காட்டும். தண்ணீரில் வழக்கமான 905 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் உறிஞ்சப்பட்டுவிடும், அடிமட்டம் திரும்பி வராது. தண்ணீருக்குள் போக 532 நானோமீட்டர் பச்சை லேசர் வேண்டும், அதுவும் கலங்கிய நீரில் அதிகம் இறங்காது. அதனால் மேவிக்கை விட்டுவிட்டு லைடாருக்குப் போவதற்கு முன், அதே செலவில் புல் காய்ந்த பருவத்தில் இன்னொரு முறை பறப்பதையும், கம்பத்தோடு இரண்டு பேரைக் கூடுதலாக இறக்குவதையும் யோசித்துப் பாருங்கள். என் அனுபவத்தில் கருவியை மாற்றுவதைவிடப் பருவத்தை மாற்றுவதுதான் தரவை அதிகம் மேம்படுத்துகிறது. நீர் மிகத் தாழ்ந்திருக்கும் சமயம், பழைய புல் சாய்ந்து புதுத் துளிர் வருவதற்கு முன் கிடைக்கும் அந்தச் சில வாரங்களை எப்பாடு பட்டாவது பிடித்துவிட வேண்டும். கடல் ஓதம் ஏறி இறங்கும் கழிமுகமாக இருந்தால் அதோடு ஓதம் இறங்கிய நேரமும் சேர வேண்டும்.

புல் இருக்கும் இடத்துக்கு நான் செய்வது இதுதான். ஒவ்வொரு செடி வகையையும் ஆர்த்தோவில் தனித்தனியாகக் கோடு போட்டுப் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் சிதறலாகக் கம்பத்தால் தரை உயரம் எடுத்து, ட்ரோன் சொன்ன உயரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த வகைக்கு மட்டும் கழிப்பது. குட்டைப் புல்லுக்கு இது நன்றாகவே பலன் தரும். நாணலுக்குத் தராது, அங்கே ட்ரோனின் உயரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கம்பப் புள்ளிகளை மட்டும் வைத்துத் தரையை வரைவதுதான் நேர்மையான வழி.

தண்ணீருக்கு வந்தால் மூன்று தனித் தொல்லைகள். அலையும் பளபளப்பும் படத்துக்குப் படம் மாறுவதால் மென்பொருளுக்குப் பிடிக்க ஒன்றும் கிடைக்காது, நீர்ப்பரப்பு முழுக்கக் குழியும் கூரும் முளைத்த மாதிரி வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், விளிம்பில் நீர்மட்டத்தை அளந்து அந்தப் பரப்பைத் தட்டையாக்கிவிட்டால் போதும். அடுத்து சூரியப் பிம்பம். இந்தக் கேமராவின் பார்வைக் கோணம் 84 டிகிரி, அதாவது நடுவிலிருந்து மூலைக்கு 42. சூரியன் உச்சியிலிருந்து அதைவிட அதிகம் சாய்ந்திருந்தால், அசையாத நீரில் விழும் அதன் பிம்பம் நேர்ப்படத்துக்கு வெளியே போய்விடும். ஆகவே உச்சிவெயிலில் பறக்காதீர்கள். காலையில் சூரியன் கொஞ்சம் ஏறி, நிழல் ரொம்ப நீளாமல் இருக்கும் நேரம் நல்லது, மெல்லிய மேகம் முழுக்கப் போர்த்திய நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. மூன்றாவது ஒளிமுறிவு. தெளிந்த ஆழமற்ற நீரில் அடி தெரிந்தால் மென்பொருள் உயரம் சொல்லிவிடும், ஆனால் ஆழத்தை ஏறக்குறைய முக்கால் பங்காகத்தான் சொல்லும். 40 சென்டிமீட்டர் ஆழம் 30 போல வரும். நீர்மட்டம் தெரிந்தால் 1.34-ஆல் பெருக்கி ஓரளவு திருத்தலாம்.

இத்தனை குறை சொல்லிவிட்டு, இந்த ட்ரோன் ஈரநிலத்துக்கு ஏன் வேண்டும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த காரணத்தைச் சொல்கிறேன். அசையாமல் நிற்கும் தண்ணீரின் விளிம்பு என்பதே ஒரு கான்டூர் கோடு. காற்றும் ஓட்டமும் இல்லாத நாளில் அந்தக் கோடு முழுக்க ஒரே உயரம். வாய்க்காலை அடைத்தபின் நீர் ஏற ஏற, மட்டக்கோலில் அளவைக் குறித்துக்கொண்டு, அவ்வப்போது பறந்து ஆர்த்தோ எடுத்தால், ஒவ்வொரு முறையும் ஒரு கான்டூர் கிடைக்கும். லென்ஸ் வளைவு, ஃபோகல் நீளம், புல்லின் தலை எதுவும் அதைக் கெடுக்காது, ஏனென்றால் இங்கே ட்ரோனிடம் நாம் உயரத்தைக் கேட்கவே இல்லை, விளிம்பு எங்கே என்று மட்டும்தான் கேட்கிறோம். அதை இது சில சென்டிமீட்டருக்குள் சொல்லிவிடும். கிளம்பியது முதல் இறங்கியது வரை எல்லாம் தானாக நடப்பதால், ஒரே பறப்புத் திட்டத்தைச் சேமித்து வைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டலாம். பெரிய லைடார் ட்ரோனைத் தூக்கிக்கொண்டு இப்படி அடிக்கடி போக யாருக்கும் மனம் வராது. ஒரு கிலோகூட எடை இல்லாத இந்தக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்துவிடலாம். நீர்விளிம்பு கோரைக்குள் மறையும் இடங்களில் சிரமம் உண்டு. அந்த வேலை நிறைய இருப்பவர்கள் இதே குடும்பத்து மேவிக் 3 மல்டிஸ்பெக்ட்ரலைப் பார்க்கலாம். அதில் இருக்கும் அண்மை அகச்சிவப்புப் பட்டையில் தண்ணீர் கறுப்பாக விழும், ஈரச்சேறும் நீரும் பிரிந்து தெரியும், செடி வகைகளைப் பிரிப்பதும் எளிது.

பேட்டரி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 45 நிமிடம் என்பது காற்றில்லாத நிலைக்கான நிறுவனக் கணக்கு, ஆர்டிகே மாட்யூலோடு, திரும்பி வர இருப்பு வைத்துக்கொண்டு பறக்க அரை மணி என்று திட்டமிடுங்கள். மழைக்கான ஐபி சான்று இதற்கு இல்லை, டிஜேஐயின் இன்னொரு ட்ரோனான மேட்ரிஸ் 30-க்கு ஐபி55 உண்டு. சாரல், உப்புக்காற்று உள்ள இடமாக இருந்தால் இதை யோசிக்க வேண்டும். கீழ்ப்பக்கச் சென்சார்கள் நீர்ப்பரப்பின் மேல் தடுமாறும், ஆகவே தண்ணீருக்கு மேலே தாழப் பறக்கவோ படகிலிருந்து ஏற்றி இறக்கவோ அனுபவம் இல்லாமல் முயல வேண்டாம். 2025 ஜனவரியில் வந்த மேட்ரிஸ் 4இ-யில் ஆர்டிகே உள்ளேயே இருக்கிறது, 0.5 விநாடிக்கு ஒரு படம் எடுக்கும். புதிதாக வாங்குபவர் அதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஆனால் புல்லும் தண்ணீரும் அதற்கும் அதே புல், அதே தண்ணீர்தான்.

பறவைகள் விஷயத்தில் சமரசம் வேண்டாம். கூடு கட்டும் பருவத்தில் பறக்காமல் இருப்பதே முதல் விதி. மற்ற சமயத்திலும் பறவைக் கூட்டத்திலிருந்து தள்ளி நின்று ஏற்றி, முழு உயரத்துக்குப் போனபின் கிடையாக உள்ளே வாருங்கள். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் நேர் மேலிருந்து இறங்கி வரும் ட்ரோனுக்குத்தான் நீர்ப்பறவைகள் அதிகம் மிரண்டன. வேட்டைப் பறவை அப்படித்தானே வரும். ஒரே ஒரு பறவை தலை தூக்கிப் பார்க்கத் தொடங்கினாலே நான் உயரத்தைக் கூட்டிவிடுவேன். படத்தில் கொஞ்சம் துல்லியம் குறைந்தால் பரவாயில்லை.

படங்களைச் சேர்க்க வெப்ஓடிஎம் போன்ற திறந்த மென்பொருளே பெரும்பாலான மீட்பு வேலைகளுக்குப் போதும். நல்ல நினைவகம் உள்ள கணினிதான் முக்கியம். உயரப்படம் வந்ததும் நீரோட்டம் போட்டுப் பார்ப்பதற்கு முன் மதகுகளையும் கரைக்கு அடியில் போகும் குழாய்களையும் கையால் திறந்துவிட மறக்காதீர்கள், மேலிருந்து பார்க்கும் படத்துக்கு அவை எல்லாம் அடைத்த சுவர்தான்.

மீட்புக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு மண் எவ்வளவு படிந்தது என்று பார்க்க இதை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு அளவையிலும் 5 சென்டிமீட்டர் பிழை என்றால், இரண்டின் வித்தியாசத்தில் அது 7 ஆகும், உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் மாற்றம் இருந்தாக வேண்டும். தோண்டிய குளம், உடைத்த கரை, அரித்துப் போன ஓடை வாய் எல்லாம் இதில் தெளிவாகத் தெரியும். வருஷத்துக்கு மில்லிமீட்டர் கணக்கில் ஏறும் வண்டல் தெரியாது. அதற்கு ஆழமாக அடித்த கம்பியின் மேல் வைத்து அளக்கும் ஆர்எஸ்இடி கருவிதான் வேண்டும்.

சொந்தமாக வாங்காமல் யாரையாவது அமர்த்திச் செய்பவர்களும் உண்டு. அப்படி ஒரு நிறுவனம் எங்களுக்குக் கொடுத்த அறிக்கையில் பிழை 2 சென்டிமீட்டர் என்று தடித்த எழுத்தில் இருந்தது. விசாரித்தால் எல்லாப் புள்ளிகளையும் கணக்குக்குள்ளேயே போட்டுப் பொருத்தியிருக்கிறார்கள், சரிபார்க்க ஒன்றைக்கூட வெளியே வைக்கவில்லை. புள்ளிகள் அத்தனையும் கெட்டியான கரை மேல்தான், கோரைக்குள் யாரும் இறங்கவே இல்லை. அதனால் வேலையைக் கொடுக்கும்போதே எழுத்தில் கேளுங்கள். வெளியே வைத்த புள்ளிகளின் பட்டியல் வேண்டும், அவை திறந்த சேறு, குட்டைப் புல், உயரக் கோரை என்று தனித்தனியாகப் பிரித்திருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பிழை தனியாகக் காட்டியிருக்க வேண்டும், எந்த ஜியாய்டு, பறந்த நேரத்தில் நீர்மட்டம் என்ன என்பதும் இருக்க வேண்டும். எந்த ட்ரோனில் எடுத்தார்கள் என்பதைக்கூட நான் இரண்டாவதாகத்தான் கேட்பேன். இந்தப் பட்டியல் இல்லாமல் வருகிற வரைபடத்தை வைத்து ஒரு கூடை மண்ணைக்கூட நகர்த்தச் சொல்ல மாட்டேன்.